வியாழனும் வெள்ளியும்

"நாளைக்கும் நாளன்னிக்கும் நான் வரமாட்டேன். ஞாபகம் இருக்கில்ல?"

ஊழியர் அறையில் பொதுவாகச் சொல்லிவிட்டு, பெவர்லி வீட்டிலிருந்து கட்டிவந்த சாண்ட்விச்சைப் பிரித்தாள்.

நோலீனுக்கு வயிறு எரிந்தது.

"மறக்குமா? வியாழன், வெள்ளி ஆனா உன்னைத்தான் வலை போட்டாலும் பிடிக்க முடியாதே! கொடுத்து வச்சவ."

பெவர்லி கோபப்படவில்லை. "வயசாகுது நோல். தோட்டத்துல களை எடுக்கக்கூட நேரம் கிடைக்கல. அது கிடக்கட்டும், உன் முட்டி ஆபரேஷன் எப்போ?"

"அக்டோபர்ல" என்றாள் நோலீன், வெடுக்கென்று. முட்டியை விசாரிக்கிறாளாம் முட்டியை!

நகர கவுன்சில் நடத்தும் போர்ட் கெல்லி கடல் அருங்காட்சியகத்தில் நோலீன் ஒன்பது வருஷம் அன்றாடக் கூலி மாதிரிதான் வேலை பார்த்தாள். ஆள் தேவைப்பட்டால் காலை ஏழு மணிக்கு போன் வரும். வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. காய்ச்சல் என்று நான்கு நாள் படுத்தால் அடுத்த போன் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் திமிங்கில எலும்புக்கூட்டைச் சுற்றிய படிகளில் ஏறி இறங்கித் தேய்ந்த முட்டியை இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தாள்.

நுழைவாயில் பலகையில் நிரந்தர ஊழியர்களின் படம் மட்டும்தான் மாட்டுவார்கள். இந்த வருஷம்தான் அதில் அவள் படமும் ஏறியது. புதன், சனி என்று வாரத்துக்கு இரண்டே நாள் என்றாலும் நிரந்தரம். ஆறு வாரம் படுத்துவிட்டு வந்தாலும் அவள் வேலை அவளுக்கே இருக்கும். தபாலில் வந்த கடிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதவள்தான்.

அந்தச் சந்தோஷத்தையும் பெவர்லி கெடுத்துவிட்டாள். ஒருத்தி ஒன்பது வருஷம் கெஞ்சி ஒரு ஓரமாக உட்கார இடம் பிடிக்கிறாள். இன்னொருத்தி வாரா வாரம் லீவு போட்டுக் களை பிடுங்குகிறாள். போதாததற்கு இப்போதெல்லாம் காரை விட்டுவிட்டு சைக்கிளில் வருகிறாள். கேட்டால் உடம்பு இளைக்கவாம். எதிர்க்கடையில் சுடச்சுட விற்கும் இறைச்சி 'பை' பலகாரம் இல்லாமல் மதியம் கழியாதவள், இப்போது காய்ந்த சாண்ட்விச் தின்கிறாள். டயட்டாம்!

"எல்லாம் மேனேஜர் செல்லம்" என்றாள் நோலீன், டிக்கெட் மேஜையில் இருந்த கெரினிடம். "சம்பளத்தோட ரெண்டு நாள் லீவு. நாம கேட்டா தருவாங்களா? வியாழக்கிழமை நீ இங்கே தனியாக் கிடந்து அல்லாடறே. எனக்கே பாவமா இருக்கு."

"எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லையே" என்றாள் கெரின். "அன்னிக்குக் கூட்டமே வராது."

"உனக்கு வாய் இல்லை. அதான் உனக்காக நான் பேசறேன்!"

மதியமே புகார்க் கடிதம் எழுதிவிட்டாள். எழுத எழுதக் கை வேகமெடுத்தது. ஒருவருக்கு ஒரு நியாயம், மற்றவருக்கு ஒரு நியாயமா என்று கேட்டிருந்தாள். பெவர்லி பழையபடி ஐந்து நாளும் வர வேண்டும் என்று முடித்து, அந்த வரிக்கு அடியில் இரண்டு கோடும் போட்டாள்.

மேனேஜர் கிரேம் கடிதத்தை இரண்டு முறை படித்தார். எழுந்துபோய் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நோலீன், இது கவுன்சிலுக்குப் போகணுமா?"

"போகணும் கிரேம். எனக்குன்னு ஒண்ணும் இல்லை. நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"என்ன ஏதுன்னு அவகிட்டே கேட்டியா?"

"கேட்டேனே. களை எடுக்கப் போறாளாம்."

கிரேம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அவ லீவுல இல்லை. அந்த ரெண்டு நாளை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டா. அந்த நாளுக்குச் சம்பளமும் கிடையாது."

நோலீன் மேஜைமேல் குனிந்தாள். "சம்பளம் இல்லாமயா? அப்படி என்ன களை?"

"உன்கிட்டே சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா. ஆனா இந்தக் கடிதத்தைப் படிச்சப்புறம் சொல்லாம இருந்தா, உனக்கு நான் துரோகம் பண்ணினவனாயிடுவேன்." அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். "ஒன்பது வருஷமா நானும் உனக்காக கவுன்சில்ல கேட்டேன். இந்த இடத்துக்கு அஞ்சு நிரந்தர ஆளோட நாள் கணக்குதான், அதுக்கு மேல அரை நாள்கூட முடியாதுன்னுட்டாங்க. உள்ளே இருக்கிற யாராவது தன்னோட நாளை விட்டுக் கொடுத்தாத்தான் உண்டு."

தாளில் பெவர்லியின் கோணல்மாணலான கையெழுத்து இருந்தது. அதற்குக் கீழே இருந்த தேதி நோலீனுக்குத் தெரிந்த தேதிதான். அவளுக்குத் தபாலில் வந்த நிரந்தரக் கடிதத்திலும் அதே தேதி.

கிரேம் புகாரை அவள் பக்கம் தள்ளி, பேனாவைத் திறந்து நீட்டினார்.

"பெவர்லி பழையபடி அஞ்சு நாளும் வரணும்னா, அவ விட்ட ரெண்டு நாள் கணக்குல உனக்குக் கிடைச்ச புதனையும் சனியையும் நீ திருப்பிக் கொடுக்கணும். அதையும் ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுத்துடறியா?"