பெயர்ப்பலகை

வேனில் இருந்தவர்கள்: ஓட்டுநர் சௌக்கத் அலி. விடுதி வார்டன் ஞானம் அக்கா. பின் இருக்கைகளில் ஜவ்வாது மலையிலிருந்து வந்த பெண்கள். விடுதியின் காவலாளியான நான். அப்புறம் ஒரு நீலக் கோட்டு.

கோட்டு ஒன்றுதான். புதுப் பெண்களைச் சேர்க்க ஊருக்கு அனுப்பும் வீடியோவில் பேசுகிறவள் போட்டுக்கொள்வாள். பேசி முடித்ததும் கழற்றி அடுத்தவளிடம் கொடுப்பாள்.

முதலில் திருவொற்றியூர்க் கோயில். ஒருத்தி கோபுரத்தைக் காட்டி வரலாறு சொன்னாள். உள்ளே போய்க் கும்பிட்டு வரட்டுமா என்று கேட்டாள். நேரமில்லை என்றார் ஞானம்.

பிறகு காசிமேடு. இன்னொருத்தி கடற்கரையைப் பற்றிப் பேசினாள். இங்கே வந்து ஒரு வருடமாகியும் கடலை அவள் அன்றுதான் பார்க்கிறாள். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

கடைசியாக ராயபுரம் ரயில் நிலையம். ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் இல்லை. பழைய கட்டடம், உயரமான தூண்கள்.

அந்தத் தூண்கள்தான் கல்லூரி.

உண்மையான கல்லூரி எண்ணூர் போகும் சாலையில், ஏற்றுமதிக்கு இறால் உரிக்கும் ஷெட்டின் மாடியில் இருக்கிறது. ஓர் அறை, ஒரு கரும்பலகை, பக்கத்திலேயே விடுதி. உணவுத் தொழில்நுட்பத்தில் பட்டயம். செய்முறைப் பயிற்சி கீழே, ஐஸில். பயிற்சி மட்டும்தான் நடக்கிறது.

நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். இவர்களுக்கு விடுவதற்குக்கூட ஒரு கல்லூரி கிடையாது.

சிவந்தியின் முறை வந்தது. இந்த இடத்தில் அவள்தான் பேச வேண்டும் என்று ஞானம் முடிவு செய்ததற்குக் காரணம் இருந்தது. சிவந்தியின் தங்கை கீர்த்தி பிளஸ் டூ முடித்துவிட்டு, அக்கா படிக்கும் இடத்துக்குத்தான் போவேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பாதான் சம்மதிக்கவில்லை.

வாரம் ஒருமுறை பெண்கள் வீட்டுக்குப் பேசலாம். ஞானத்தின் போனில், ஸ்பீக்கரில், ஞானத்தின் எதிரில். போன வாரம் அந்த அப்பா பேசியது எனக்கும் கேட்டது.

"ஒண்ண அவ்ளோ தூரம் அனுப்பிட்டே தூக்கம் வரல. இன்னொண்ணுமா? நெனச்சா வந்துர முடியுமாம்மா அங்கேர்ந்து?"

சிவந்தி ஞானத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டாச்சாப்பா என்று கேட்டாள்.

இப்போது ஞானம் அவளுக்குக் கோட்டுப் பொத்தானைப் போட்டு, தொளதொளவென்றிருந்த முதுகைத் துணி கிளிப்பால் இறுக்கினார். "கைய உள்ள இஸ்துக்கோமே. வெரல பாரு, தண்ணில போட்ட அப்பளம் மாரி கீது."

வேனுக்குள்ளிருந்து சௌக்கத் பாய் குரல் கொடுத்தார். "இன்னா ஞானக்கா, உன் காலேஜுல டிக்கெட்டு குடுத்துகினு கீறானுங்க?"

"நீ வண்டிய மட்டும் பாரு நைனா."

போனைப் பிடிக்கும் வேலை எனக்கு. தூண்களுக்கு வலது பக்கம் மஞ்சள் நிறத்தில் நிலையத்தின் பெயர்ப்பலகை இருந்தது. அது மட்டும் படத்தில் வரக் கூடாது என்று சொல்லிவிட்டு, ஞானம் வெயில் தாங்காமல் வேன் நிழலுக்குப் போய்விட்டார்.

நான் சிவந்தியை இடது பக்கம் தள்ளி நிற்கச் சொன்னேன். அவள் வலது பக்கம் நகர்ந்தாள். பலகை அவள் தோளுக்கு மேலே வந்து நின்றது.

"அண்ணா, அது படத்துல விழட்டும்ணா." உதடு அசையாமல் பேசினாள். "கீர்த்தி பாத்தா புரிஞ்சுக்குவா, இது காலேஜே இல்லன்னு. வரமாட்டா. நான் வாயால சொல்ல முடியாது."

வேனைத் திரும்பிப் பார்த்தேன். ஞானம் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்.

எனக்கு இந்த வேலை வேண்டும். யாரையும் காப்பாற்றுகிற ஆள் இல்லை நான். ஆனால் போனை நகர்த்தாமல் இருப்பதற்குத் தைரியம் ஒன்றும் தேவையில்லை.

நகர்த்தவில்லை.

சிவந்தி சிரித்தாள். "வணக்கம். நாங்க படிக்கிறது நானூறு வருஷ வரலாறு உள்ள கடற்கரை நகரத்துல. இங்க கோட்டை இருக்கு, துறைமுகம் இருக்கு, லைட்ஹவுஸ் இருக்கு. என் பின்னாடி தெரியறது எங்க காலேஜ்."

கோட்டுக் கைக்குள் மறைந்திருந்த கையை நீட்டிப் பலகையைக் காட்டினாள்.

வெயிலில் போன் திரை இருண்டிருந்தது. வந்து போனை வாங்கிய ஞானம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிவந்தியின் முகத்தை மட்டும் பார்த்தார். "சோக்கா பேசிக்கீற" என்றார். அங்கேயே நின்று ஊருக்கு அனுப்பினார்.

திரும்பும் வழியில் சிவந்தி ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

உருப்படியாக நான் செய்த ஒரே காரியம் அதுதான் என்று அந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு பிற்பகல் புதுப் பெண்களோடு வேன் வந்தது. முதலில் இறங்கியவளுக்கு அப்படியே சிவந்தியின் முகம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாலையின் இரண்டு பக்கமும் தேடினாள். இரண்டு பக்கமும் கண்டெய்னர் லாரிகள்தான் நின்றன.

"அண்ணா, ஸ்டேஷன் எந்தப் பக்கம்?"

எந்த ஸ்டேஷன் என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன்.

"அக்கா வீடியோல காட்டுச்சே, ராயபுரம்னு. அப்பா ஒத்துக்கவே இல்லண்ணா. அந்தப் பலகைய பாத்தப்புறம்தான் சரின்னாரு. காலேஜ் வாசல்லயே ரயில் நிக்குது, நெனச்சா வந்துரலாம்னு."

சிவந்தி அப்போது கீழே ஷெட்டில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் தெரியாது.

கீர்த்தி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, படியேறி உள்ளே போனாள்.

நான் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, வெளியிலிருந்து பூட்டினேன்.