ஆடாத எண்

"பிசகாத நொடி ஒன்னு பன்னெண்டாயிரம் பாட், டாக்டர். கையில வாங்கிப் பாருங்க, கனம் தெரியும்."

முய் அக்கா நீட்டிய பெட்டி உள்ளங்கை அகலம்தான். முள் கிடையாது, முகம் கிடையாது. பிரித்துப்போட்ட செல்போன் கோபுரத்திலிருந்து வந்த ருபீடியம் அணுக் கடிகாரம். முந்நூறு வருஷத்துக்கு ஒரு நொடி தவறினால் அதிகம்.

"பன்னெண்டாயிரமா? நான் நாப்பது சொத்தைப் பல் பிடுங்கணும் அக்கா!"

"பிடுங்குங்க. பாங்காக்ல சொத்தைப் பல்லுக்கா பஞ்சம்?"

தாவோன் பகலில் பல் டாக்டர். மற்ற நேரமெல்லாம் வீட்டில் கடிகாரம் கட்டுகிறவர். பான் மோ சந்தையில் அவர் ஏறி இறங்காத பழைய சாமான் கடை இல்லை.

"ஏற்கெனவே ரெண்டு கட்டி வச்சிருக்கேன்கா. ஒரு வருஷமா ரெண்டும் ஒன்னுக்கொன்னு ஒத்துப்போகல. எது பொய் சொல்லுதுன்னே தெரியல. மூணாவதா ஒன்னு வந்து சாட்சி சொன்னாதான் தீரும்."

"வாங்கிட்டுப் போங்க, தீர்ந்துடும்."

"பொண்டாட்டி கறாரா சொல்லிட்டா. இதுதான் கடைசியாம். இதுக்கப்புறம் ஒரு ஒயர் வீட்டுக்குள்ள வந்தாலும் நான் கிளினிக் நாற்காலியிலயே படுத்துக்கணுமாம். இதுவும் சொத்தையா போச்சுன்னா சாகுற வரைக்கும் எனக்கு விடை கிடைக்காது."

"சொத்தையா? என் கடையிலயா? இங்க பாருங்க."

முய் அக்கா கடிகாரத்தை அளக்கும் கருவியோடு இணைத்து விசையைத் தட்டினாள். நொடிக்கு ஒரு கோடித் துடிப்பு. ஒன்றுக்குப் பின்னால் ஏழு சைபர். புள்ளிக்குப் பின்னாலும் சைபர், சைபர், சைபர். கடைசி எண் அசையவே இல்லை.

"எப்படி? செதுக்கி வச்ச மாதிரி நிக்குதா?"

தாவோன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அழகுதான். ஆனால் இருபது வருஷமாக வாயைப் பிளந்தவர்களையே பார்த்த மனிதர். பல் வரிசை கூச்சமில்லாமல் அழகாக இருந்தால் அது கட்டின பல் என்று அவருக்குத் தெரியும். மெல்ல எழுந்து கருவியின் முதுகுப்புறம் எட்டிப் பார்த்தார்.

கருவிக்கு அளவுகோலாக வேறொரு கடிகாரத்திலிருந்து ஒயர் வந்திருக்க வேண்டும். வந்ததோ இதே பெட்டியிலிருந்து.

"அக்கா... இது தன்னைத் தானே அளந்துட்டிருக்கு."

வெயிலுக்கு விசிறிக்கொண்டிருந்த முய் அக்கா கையை நிறுத்தினாள்.

"தன் உயரத்தைத் தன்னை வச்சே அளந்தா குள்ளனும் சரியாத்தான் இருப்பான் அக்கா. அப்புறம் எண் எப்படி ஆடும்?"

"மெதுவா, டாக்டர்! பக்கத்துக் கடைக்குக் கேக்கப்போவுது." அவள் தலை குனிந்துவிட்டது. "எத்தனை இன்ஜினியர் வந்து போயிருக்கான், ஒருத்தன் கண்ணுலயும் படல. உங்களுக்கு மட்டும் முதுகுலயும் கண்ணா?"

தாவோன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஒயரைச் சரியா மாட்டுங்க, பாப்போம்."

மாட்டினாள். இப்போது கடைசி இரண்டு எண்கள் லேசாகத் துள்ளின. தாவோனுக்கு நெஞ்சு நிறைந்தது. அப்படி ஆடினால்தான் அது உண்மை. நல்ல பெட்டி!

முகத்தில் காட்டிக்கொள்ளாமல், "மூவாயிரம்" என்றார்.

"ஐயையோ! எட்டாவது குடுங்க."

"பன்னெண்டு சொன்னப்பவே கேட்டிருக்கணும், ஒயருக்குத் தனி விலையான்னு."

"குத்திக் காட்டாதீங்க. ஆறு."

"நாலு. இல்லேன்னா நான் பக்கத்துக் கடைக்கே போய்..."

"எடுத்துட்டுப் போங்க!" அவள் பெட்டியைச் செய்தித்தாளில் சுற்றினாள். "ஆனா ஒன்னு. என் பேர் கெட்டுடும். இந்த ஒயர் விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டும். உங்க கடிகாரச் சங்கத்து ஆளுங்ககிட்ட மூச்சு விடக்கூடாது."

"சத்தியமா" என்றார் தாவோன். பன்னிரண்டை நாலாக்கியவருக்கு அந்தப் பெருந்தன்மைகூட இல்லாமல் போகுமா?

சங்கத்து ஆட்கள் சனிக்கிழமை மதியம் கூடுவது சந்தைக்குப் பின்னால், சம்லீ அத்தையின் மீன் உருண்டை நூடுல்ஸ் கடையில். நிபோனும் சங்குவானும் முன்னமே வந்து கிண்ணத்தில் மிளகாய்த் தூளைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நிபோன் மின்வாரியத்தில் பெரிய இன்ஜினியர். சங்குவான் கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தருகிறவர். தாவோன் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

"என்னய்யா டாக்டரே, முகம் மின்னுது?"

"ஒன்னுமில்ல. வெயில்."

"எனக்கும் அதே வெயில்தான்" என்று நிபோன் சிரித்தார். சங்குவான் கண்ணைக் கிண்ணத்திலிருந்து எடுக்கவில்லை.

கிண்ணம் கொண்டுவந்த சம்லீ அத்தை காலில் இடறிய பையை நகர்த்தினாள். செய்தித்தாள் விலகியது.

"உங்களுக்கும் இந்தப் பெட்டிதானா? காலையிலேர்ந்து சந்தை முழுக்க ரெண்டாயிரம், ரெண்டாயிரம்னு கூவுறானுங்க. கோபுரத்துச் சரக்கு லாரி நிறைய வந்து இறங்கிருக்காம். பேரம் பேசுனா இன்னும் இறக்குறான்னு சொன்னாங்க. நீங்க எவ்வளவுக்கு முடிச்சீங்க?"

தாவோன் வாயருகே கொண்டுபோன மீன் உருண்டை அப்படியே நின்றது.

"உங்களுக்கும்னா... வேற யாருக்கு?" என்றார்.

நிபோன் தன் பையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். சங்குவான்தான் முதலில் தன் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அதே செய்தித்தாள்.

"யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றார் தணிந்த குரலில். "முய் அக்கா பன்னெண்டாயிரம் சொன்னா. நான் சும்மா கருவிக்குப் பின்னாடி எட்டிப் பாத்தேன்..."

நிபோனும் தாவோனும் தங்கள் பொட்டலங்களையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்கள். மேசைமேல் பெட்டிகள் மூன்று, முய் அக்காவின் திருட்டைப் பிடித்தவர்கள் மூன்று பேர், அந்த ஒயரைத் தூண்டிலாக்கி முய் அக்கா பிடித்தவர்களும் அதே மூன்று பேர், கணக்கு நேர்.