ஒரு நாள் டிக்கெட்

"தனி ஆளுக்கும் அறுபது யூரோதான், ஜோடிக்கும் அறுபதுதான். வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமேக்கா?" டிக்கெட் கவுண்டருக்குள் இருந்து கேட்டான் லிவியோ.

"அவரு குளிக்கப் போனாக்கூடத் தொப்பியைக் கழட்ட மாட்டாரு. நீ சீட்டைக் கிழி" என்றாள் யாகொடா.

லிவியோ சிரிக்கவில்லை. உடுப்பில்லாமல் கடலில் குளிக்க வருகிறவர்களுக்கான அந்த நிர்வாண விடுதியில் வருஷக்கணக்காக அறை துடைக்கிறவள், லீவு நாளும் அதுவுமாக இரண்டு நாள் சம்பளத்தை நீட்டி உள்ளே விடு என்கிறாள். ஊழியர்களுக்குச் சலுகை கிடையாது. வேலை நாளில் அவர்கள் கடலில் காலை நனைத்தாலும் வேலைக்குச் சீட்டுக் கிழிந்துவிடும். ஆனால் காசு கட்டி வருகிறவளைத் தடுக்க எந்த விதியும் இல்லை. கொடுத்துவிட்டான்.

அவள் போகிற சேதி தெரிந்து ஊரில் அதற்குள் பேச்சு கிளம்பியிருந்தது. பேரன் எடுக்கிற வயசில் இவளுக்கு என்ன கேடு என்றாள் நாத்தனார். ஞாயிறு தவறாமல் கோயிலில் முதல் வரிசையில் உட்காருகிறவள் செய்கிற காரியமா இது? அந்தக் காசுக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கலாமே என்பது புருஷனின் கவலை.

யாகொடாவைக் கூப்பிட்டது பிளான்கா மேடம் என்று சொன்னால் நம்பவா போகிறார்கள்?

பிளான்கா, ஸாக்ரெப் நகரத்து வக்கீல் ஒருவரின் மனைவி. கோடை வந்தால் மூன்று வாரம் இங்கேதான். யாகொடா தலைத்துணியும் நீலச் சீருடையுமாக வேர்த்து விறுவிறுத்து விரிப்பு மாற்றும்போதெல்லாம், சாய்வு நாற்காலியில் கிடந்தபடி புத்தி சொல்வாள். இந்த வெயிலில் எதற்கு இந்தச் சட்டை, கழற்றி எறிந்துவிட்டு எங்களோடு கடலில் வந்து இறங்கு, வெட்கம் என்பதெல்லாம் ஊர்க்காரர்கள் கட்டிவிட்ட கதை என்பாள்.

"துணியைக் கழட்டிப் போட்டுட்டா வக்கீல் யாரு, வண்டி ஓட்டறவன் யாரு? இங்க எல்லாரும் ஒண்ணுதாம்மா."

முதலில் யாகொடா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேட்டுக் கேட்டு, மனசில் எங்கோ ஒரு மூலையில் அது ஒட்டிக்கொண்டது. எல்லாரும் ஒன்றாக இருக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அதைத் தினமும் பெருக்குகிறவள், ஒரு பொழுதாவது அங்கே உட்கார வேண்டாமா?

பைன் மரத்தடியில் நின்று பொத்தான்களைக் கழற்றி, உடையை மடித்து வைத்தாள். கூந்தலை அவிழ்த்து முன்னால் விட்டுக்கொண்டாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதிலேயே பாதிப் பயம் போயிற்று.

"இப்படி வாங்க, இங்க நல்ல நிழல் இருக்கு. துண்டை இங்கயே விரிங்க."

குரல் வந்த பக்கம் பார்த்தால், கறுப்புக் கண்ணாடியோடு பிளான்கா மேடம். 'வாங்க' என்கிறாள்.

யாகொடா உட்கார்ந்தாள். பிளான்கா ஆப்ரிகாட் பழக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினாள். முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள். கல்யாணமானதும் மாறிப்போகிற பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். பக்கத்து ஊர்தான் என்று யாகொடா சொன்னதும் பிளான்காவுக்கு ஒரே சந்தோஷம். உள்ளூர்ப் பெண்களுக்கு இந்தத் தைரியம் வராது என்று அந்தப் பக்கத்து நாற்காலிக்காரியிடம் மெச்சிச் சொன்னாள். புதுத் தோழி என்று அறிமுகமும் செய்துவைத்தாள்.

யாகொடாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"நீங்க சொல்லித்தான் வந்தேன் மேடம்."

"நானா? நான் எப்பச் சொன்னேன்?"

"போன வாரம்கூடச் சொன்னீங்களே, நான் விரிப்பு மாத்திக்கிட்டு இருந்தப்ப."

பிளான்கா கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள்.

"அட, நீயா."

காலடியில் கிடந்த துண்டை மெதுவாக இழுத்து மார்புவரை போர்த்திக்கொண்டாள். பிறகு முகம் தெளிந்தது.

"நல்லதாப் போச்சு. எங்க ரூம் பாத்ரூம்ல தண்ணி போகாம நிக்குது. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடு."

யாகொடா வாயிலிருந்த பழத்தை விழுங்கினாள்.

"போறப்ப மேல ஏதாவது போட்டுக்கிட்டுப் போ. உள்ள அவரு இருக்காரு."

யாகொடா எழுந்தாள். கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள்.

"நாளைக்குக் காலையில வந்து பாக்கறேன் மேடம். இன்னிக்கு நான் காசு கட்டி வந்திருக்கேன்."

சொல்லிவிட்டுக் கடலை நோக்கி நடந்தாள். தண்ணீர் முழங்காலைத் தொட்டது, இடுப்பைத் தொட்டது. கழுத்துவரை போய் நின்றபோது, ஒரு நூல்கூட இல்லாத அவள் உடம்பை அந்தக் குளிர்ச்சி அப்படியே ஏந்திக்கொண்டது. இதற்கு அறுபது யூரோ தகும் என்று நினைத்துக்கொண்டாள்.

காற்றே இல்லாத மத்தியானம். கரையில் பேசுவது தண்ணீர்மேல் தெளிவாக வந்து விழுந்தது. பிளான்கா பக்கத்து நாற்காலிக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"டிக்கெட்டை இன்னும் கொஞ்சம் ஏத்தச் சொல்லணும். உடுப்பு இல்லேன்னா யாரு என்னன்னே தெரியமாட்டேங்குது."