இடது பக்க ஸ்பிரிங்

மேகலாவின் குட்டித் திறந்த காரில் இரண்டே இருக்கைகள். அதில் பழைய எஞ்சினுக்குப் பதில் எடை குறைந்த ரோட்டரி எஞ்சினை ஏற்றினால் முன்பக்க எடை குறையும். ஸ்பிரிங்குகளையும் மாற்றியாக வேண்டும். மெக்கானிக் ஜெபராஜ், அவளுடைய போனையும் கணவன் சிபியின் போனையும் கணிப்புப் பெட்டிமேல் வைக்கச் சொன்னார். இனி அந்த வண்டியில் எந்த இருக்கையில் எவ்வளவு எடை ஏறும் என்று முன்கூட்டியே சொல்லும் பெட்டி அது. பெட்டி மேகலாவின் எடையைச் சரியாகப் போட்டது. சிபி உட்காரும் இடது இருக்கைக்குப் பூஜ்யம் போட்டது.

“இவர மறந்துடுச்சுங்களா?” என்று மேகலா சிரித்தாள். சிபி சிரிக்கவில்லை.

ஜெபராஜ் சிபியின் எடையைத் தானே அடித்துப் பார்த்தார். பெட்டி அதை அழித்துவிட்டு, ‘தை மாதம் முதல் காலி’ என்று காட்டியது.

“இது தப்பாச் சொல்லாதுங்களே,” என்றார் தயங்கி. “போன மாசம் ஒரு பொண்ணோட வண்டிக்குக் கொழந்த சீட் வெயிட்டையும் சேர்த்துப் போட்டுச்சு. உண்டாயிருக்கறதே அப்பறந்தான் அவங்களுக்குத் தெரிஞ்சுதுங்க.”

கொஞ்ச நாளாக சிபி சோற்றை அளைந்துகொண்டே இருப்பதும், தூக்கமில்லாமல் புரள்வதும் மேகலாவின் நினைவுக்கு வந்தன. அவன் கையை இறுகப் பற்றினாள்.

“எதுன்னாலும் எங்கிட்ட மறைக்காதீங்க. டாக்டர் என்ன சொன்னாரு?”

அவன் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டான்.

“உடம்புக்கு ஒண்ணுமில்ல, மேகலா.”