நாற்பத்தோராம் எண் ஜாக்கெட்

நோணாங்குப்பம் படகுத்துறையைத் தாண்டிக் கடலுக்குப் போகாத எங்கள் கப்பல் கல்லூரி முதல்வர், தம்மைக் ‘கேப்டன்’ என்றே கூப்பிடச் சொல்வார். போன புயலில் கடற்கரைக் கம்பத்திலிருந்து கல்லூரிக் கொடியை அவிழ்த்துவர அவர் அனுப்பிய செம்மல் என்ற மாணவனை, லைஃப் ஜாக்கெட்டோடு கடல் கொண்டுபோனது. ‘நாற்பத்தோராம் எண் ஜாக்கெட் இழப்பு’ என்று அறிக்கை எழுதினார். செம்மலின் அம்மா அன்னக்கிளிக்குக் கல்லூரி ஸ்டோரில் வேலை கொடுத்தார்.

இன்று அடுத்த புயலுக்கு ஒத்திகை. அன்னக்கிளி நாற்பது ஜாக்கெட் கொடுத்தாள், நாற்பத்தொன்று திரும்பின. மழை இன்னும் தொடங்கவில்லை. நாற்பத்தோராம் எண் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

“பரவால்லையே. இழப்புன்னு எழுதுனத அடிச்சிடும்மா,” என்றார் முதல்வர்.

“ஜாக்கெட்டு வந்துடுச்சு, கேப்டன் சார். புள்ள?”

அவர் கொடியை அவிழ்க்க ஆள் தேடிப் போய்விட்டார்.

அன்னக்கிளி ஜாக்கெட்டை எடுத்தாள். பட்டைகள் மாட்டியபடியே இருந்தன. உள்பக்கம் இன்னும் சூடாக இருந்தது.