லேபில் உட்கார்ந்திருக்கும் ஆள்

"மூளை இருக்கா உனக்கு?" என்று வந்து விழுந்தது திரையில்.

கவிநிலாவுக்குக் காது சிவந்துவிட்டது. வேங்கிக்கால் பிரவுசிங் சென்டரில் பக்கத்து நாற்காலியில் இருந்த அப்பா பரசுராமன் எட்டிப் பார்த்தார். "இன்னா சொல்றான்?"

"ஒண்ணும் இல்லப்பா. நீ சும்மா இரு."

மறுநாள் சென்னையில் இன்ஜினியரிங் கவுன்சிலிங். அவளுக்குக் கோயம்புத்தூர் காலேஜ்தான் வேண்டும். கம்ப்யூட்டரைத் தானாகவே கற்றுக்கொள்ள வைக்கும் ஆராய்ச்சிக்கு அங்கே ஒரு லேப் இருந்தது.

"பி.இ. படிக்கற புள்ளைங்கள அந்த லேபுக்குள்ள வுடுவானா, இல்ல ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டுப் போன்னுவானா? கேட்டுச் சொல்லு. வுடமாட்டான்னா நம்மூரு காலேஜுதான்" என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். லேபின் வெப்சைட்டில் 'எங்களுடன் பேசுங்கள்' என்று ஒரு பெட்டி. அதில்தான் இந்தச் சண்டை.

ஆங்கில எழுத்தில் தமிழை மறுபடி அடித்தாள். "சார், என் பேர் கவிநிலா. பி.இ. ஸ்டூடண்ட்ஸ் உங்க லேப்ல ஆராய்ச்சி பண்ண முடியுமா?"

"நீ பண்ணிக் கிழிச்ச."

"மரியாதையா பேசுங்க சார்."

"மரியாதை கிலோ என்ன விலை?"

அவள் விரலை எடுப்பதற்குள் பதில் வந்து நின்றது. கவிநிலாவுக்குப் பொறுமை போயிற்று. "கேட்டதுக்கு பதில் சொல்லுடா வெண்ண!"

"நீ பதில் சொல்லுடா வெண்ண."

பரசுராமன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "பொம்பளப் புள்ளயப் போயி 'டா'ங்கறான்! பேரக்கூட ஒழுங்கா படிக்கத் தெரியாத நாயி. இவன நம்பி உன்ன அவ்ளோ தூரம் அனுப்பறதா? முடிஞ்சிச்சு. எழுந்திரு."

"ஒருத்தன் திமிரா பேசுனா காலேஜே அப்டியாப்பா?"

"வாசல்ல குந்தினு இருக்கறவனே இப்டின்னா உள்ள இருக்கறவன் எப்டி இருப்பான்?"

அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. அதைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் ஏறிவிட்டது. வெப்சைட்டில் இருந்த நம்பரை, கடையின் எஸ்.டி.டி. போனில் குத்திக் குத்தி அழுத்தினார்.

"லேபா? யாருய்யா அங்க கம்ப்யூட்டர் முன்னாடி குந்திக்கினு எம்பொண்ணத் திட்டறது?"

எடுத்தவர் அங்கே புரொபசராம். "திட்டா? என்னன்னுங்க?"

"வெண்ணங்கறான்யா! இவ கோவத்துல சொன்னா, அதையே திருப்பிச் சொல்றான்."

"அப்படியா! அந்த வார்த்தைய நாங்க சொல்லியே தரலீங்களே!" குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"சிரிக்கறியா? மொதல்ல அந்த ஆளக் கூப்புடு. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!"

"ஆளெல்லாம் யாரும் இல்லீங்க. அது எங்க லேப்ல பி.இ. செகண்ட் இயர் பசங்க எழுதுன புரோகிராமுங்க."