நூற்றிருபது பல் சக்கரம்

நிலக்கோட்டைப் பெருமாயியின் தண்ணீர் இறைக்கும் ஜெர்மன் என்ஜினில் முக்கியமான போல்ட் முறிந்துவிட்டது. மழையும் பொய்த்து, மல்லிகைப் பாத்தி வெடித்துக் கிடந்தது.

"இன்னிக்கு என்ஜின் ஓடலேன்னா செடி அம்புட்டும் கருகிரும் அப்பு," என்று பழைய நட்டை லேத்துக்காரன் பொம்மையன் கையில் திணித்தாள்.

நட்டில் இருந்தது மில்லிமீட்டர் கணக்கில் வெட்டிய திருகு மரை. திண்டுக்கல் பட்டறையில் இருந்ததோ அங்குல லேத். நூற்றிருபத்தேழு பல் சக்கரம் மாட்டினால்தான் அந்த மரை சரியாக விழும். இருந்த பெரிய சக்கரத்துக்கு நூற்றிருபதே பல்.

"இதை மாட்டி வெட்டுனா நாலு சுத்துல நட்டு இறுகிக்கிரும். வீம்பு எதுக்குலே?" என்றார் முதலாளி சோலைமலை.

பெருமாயியின் முகத்தைப் பார்த்த பொம்மையன் அந்தச் சக்கரத்தையே மாட்டிப் புது போல்ட்டுக்கு மரை வெட்டினான். நட்டைப் பெருமாயியே திருகினாள். நாலாவது சுற்றில் சோலைமலை கண்ணை மூடிக்கொண்டார். நட்டு வழுக்கிக்கொண்டு அடிவரை போயிற்று.

பொழுது சாய்வதற்குள் பாத்தி நிறையத் தண்ணீர் பாய்ந்தது. "சிங்கம்லே நீ!" என்று சோலைமலை அவனைக் கட்டிக்கொண்டார்.

பட்டறைக்குத் திரும்பிய பொம்மையன் சக்கரத்தைக் கழற்றினான். போன வாரம் ஆயுத பூஜையன்று, நூற்றிருபது பல்லுக்கும் ஒன்று விடாமல் அவனே குங்குமம் வைத்திருந்தான். இப்போது வரிசையாக ஏழு பல்லில் பொட்டில்லை.

சாமி படத்தடியிலிருந்த கிண்ணத்தை எடுத்துவந்து, அந்த ஏழுக்கும் வைத்தான்.